முதல் சிராய்

"மூணு பாகம் போதும்னு எத்தனை தடவ சொல்றது, ஒன்னோட—"

"மூணு பாகத்துல என்ன செய்வே? பன்னிக்குக் கஞ்சி ஊத்துவியா? ஆறு பாகம், ஆறு ஆளு கைய விரிச்சு நின்ன நீளம், நீட்டா கெடக்கு மரம், அதப் போயி—"

"நீட்டா கெடந்தா நீட்டாவே வெட்டணுமா? மிச்சத்துல பலகை அறுத்துக்க. எங்கம்மா வீட்டு ஓடையில ஆறு பாகம் திரும்பவே திரும்பாது லாடாப்பா, மொத வளைவுலயே கல்லுல மாட்டிக்கிட்டு—"

"ஓடைக்கு யாரு போகச் சொன்னா? இது ஆத்துல போற தோணி!"

"ஆத்துல நீ போவே. ஓடையில நான் எதுல போறது?"

மெராந்தி மரம் சரிவில் தலைகுப்புற விழுந்து கிடந்தது. அது விழுந்ததில் காட்டுக் கூரையில் ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் நேரே ஜாராவின் உச்சந்தலையில் இறங்கியது. அவன் கோடரியோடு மரத்தின்மேல் நின்றான். கீழே, முதுகுக்கூடையைக்கூட இறக்காமல் அவன் மனைவி தீஜா நின்றாள். கொஞ்சம் தள்ளி ஜாராவின் அண்ணன் லாயாங் புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி இம்பான் வெற்றிலையை மென்றபடி, சேவல் சண்டை பார்ப்பதுபோல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எஞ்சின் வாங்கிப் போட்டிருக்காரு. பாயில சுத்திக் கூடத்துல கெடக்கு. அத மாட்ட ஒரு தோணி வேணுமா வேணாமா? ரப்பரையும் மெளகையும் சோங் பஜாருக்குத் தலையிலயா சொமக்கிறது?"

"எஞ்சினுக்கு முந்தியே எனக்குச் சொன்ன தோணி இருக்கு. என்னை ஒன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றப்போ என்ன சொன்னே? ஒனக்குன்னு ஒரு சின்னத் தோணி செஞ்சு தர்றேன்னு சொன்னியா இல்லியா? நம்ம புள்ள லாடாவுக்குப் பால்பல்லு விழ ஆரம்பிச்சிருச்சு—"

"செஞ்சு தர்றேன்னுதான் சொன்னேன். எப்பன்னு சொன்னேனா?"

இம்பான் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "நல்ல வாயிடா ஒனக்கு."

"நீங்க சும்மா இருங்கக்கா," என்றாள் தீஜா. "லாடாப்பா, இதக் கேளு. தங்கச்சி சிமாவுக்குப் பேறுகால நாள் நெருங்கிக்கிட்டு இருக்கு. வீட்டுல அவளும் அவ புருஷனும் மட்டுந்தான். அம்மாவுக்கு முடியாம போனப்போ நான் துறையில உக்காந்து எவன் தோணி வருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் பாரு, அந்த மாதிரி இன்னொரு தடவ—"

ஜாராவ் கோடரியை ஓங்கினான். ஆறு பாகத்துக்கு அளந்து கீறி வைத்திருந்த கோட்டில் அது இறங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிராய், சிவப்பாக, ஈரமாக, தெறித்து வந்து தீஜாவின் காலடியில் விழுந்தது.

அவள் வாய் திறந்தபடியே நின்றது.

பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் அந்த நெடுவீட்டில் அப்படித்தான். தோணி மரத்தில் முதல் சிராய் விழுந்துவிட்டால், அது நெருப்பில் விரிந்து ஆற்றில் இறங்கும்வரை அந்தக் குடும்பத்துக்குள் சண்டை ஆகாது. தோணியைப் பற்றி ஒரு கெட்ட சொல் ஆகாது. நீளமா குட்டையா என்ற பேச்செல்லாம் சிராய்க்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மரத்துக்குக் காது உண்டு. காதில் விழுந்ததை அது செய்துவிடும்.

"கெட்டிக்காரன்," என்றாள் இம்பான், சிரிக்காமல்.

ஜாராவ் மனைவியைப் பார்க்கவில்லை. அடுத்த வெட்டைப் போட்டான். தீஜா கூடையை இறக்கி, இலையில் கட்டிய சோற்றை வேர்மேல் வைத்து, "ஆறிப் போகும், சாப்பிடு," என்றாள். கோபத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் திரும்பி வந்து, சோற்றில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். கொடுத்த சோற்றையோ எடுத்த சோற்றையோ தொடாமல் காட்டில் நடந்தால் பாம்போ தேளோ காத்திருக்கும். கோபம் வேறு, அது வேறு.

*

தீஜாவின் அம்மாவுக்கு முடியவில்லை என்ற செய்தி முன்பு ஒரு காலை நேரத்தில்தான் வந்தது. வீட்டிலிருந்த தோணிகளெல்லாம் கழனிக்குப் போயிருந்தன. இம்பானின் தோணி ஒன்று துறையில் கிடந்தது. அதன் அடியில் கைநுழையும் ஓட்டை. தீஜா துறைக்கட்டையில் உட்கார்ந்தாள். போன தோணிகளை எல்லாம் கூப்பிட்டாள். கீழே போகிறவர்கள் கீழேதான் போனார்கள். மேலே போகிற ஒருவன் மறுநாள் வந்தான், அவனும் ஓடை வாய்வரைதான். அங்கிருந்து கல்லும் தண்ணீருமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டிருந்தார்கள். தங்கை சிமா ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிடுறியாக்கா?" என்றுதான் கேட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தாள். இம்பான் தன் தோணியின் ஓட்டையை அடைத்துக்கொண்டாள். இரவல் கொடுக்கவும் செய்வாள், கூடவே, "ஏன்டி, இது தோணியா, ஊர்ப் பொதுக் கெணறா?" என்றும் கேட்பாள். 

இப்போது சண்டை போடக்கூடாது. சரி. தீஜா போடவில்லை.

வீட்டில் பேச்சு மரியாதையாகிவிட்டது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"சோறு வைக்கட்டுமா லாடாப்பா?"

"வையி. கொஞ்சமா வச்சாப் போதும். ஒனக்கு இருக்கா?"

"எனக்கு இருக்கு. மீனு நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு."

கூடத்தில் பாய் முடைந்துகொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு, பொண்ணு பாக்க வந்தவரா?" என்றாள் இம்பான். "எந்த ஊரு?"

ஜாராவ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கைதேர்ந்த வேலைக்காரன் அவன். அதையும் சொல்ல வேண்டும். மரத்தின் வெளிப்புறத்தைத் தோணி வடிவாகச் செதுக்கி முடித்ததும், அங்கங்கே துளை போட்டு, விரற்கடை நீளத்துக்குச் சீவிய கறுப்பு இரும்புமர ஆணிகளை வெளியிலிருந்து அடித்துவைத்தான். பிறகு உள்ளே இறங்கி வாய்ச்சியால் கொத்தினான். உள்ளிருந்து கொத்திக்கொண்டே வரும்போது சிவப்பு மரத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். தோணியின் தோல் எங்கும் ஒரே கனம். தீஜா சோறு கொண்டுபோகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அதுவும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் அவன் பின்னணியத்துப் பக்கம், தோணியின் பின்முனையில் குந்தி, வாய்ச்சியின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டினான், காது வைத்தான், தட்டினான்.

"என்ன லாடாப்பா?"

"ஒண்ணுமில்ல. நல்ல மரம்."

"நல்ல மரம்," என்றாள் அவளும்.

*

தோணியை மலையிலிருந்து இறக்க வீடே வந்தது. பிரம்பு கட்டி, உருளை போட்டு, பாட்டுப் பாடி இழுத்தார்கள். ஆற்றங்கரையில், துறைக்கு மேலே, கட்டைகளின்மேல் ஏற்றி வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி ஊறவிட்டார்கள். மரம் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அப்போதுதான் நெருப்புக்கு வளையும்.

மறுநாள் காலை தீஜா தண்ணீர்க் குடுக்கைகளோடு இறங்கிவந்தாள். பனி கலையவில்லை. தோணியின் வெளிப்புறம் காய்ந்து வெளுத்திருந்தது. பின்னணியத்துக்குக் கிட்டே மட்டும் ஒரு கோடு, முடி கனத்துக்கு, ஈரமாக இருந்தது. அவள் விரலால் துடைத்தாள். மறுபடி ஈரம் கசிந்தது. ஒரு காலத்தில் ஏதோ வண்டு துளைத்துப் போன பாதை. மேலே மரம் வளர்ந்து மூடியிருக்கிறது, உள்ளே மூடவில்லை.

நாளைக்கு நெருப்பு.

"லாடாப்பா!" என்று கூப்பிடத்தான் திரும்பினாள். இம்பான் குளிக்க இறங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தீஜாவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

இம்பான் புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த வருஷம், லாயாங்கின் தோணியை நெருப்பில் விரித்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இம்பான், "பாத்துங்க, அந்தப் பக்கம் வெடிச்சிரப் போகுது," என்றாளாம். வெடித்தது. அன்றையிலிருந்து இந்த ஆற்றில் எந்தத் தோணி கல்லில் மோதினாலும், "இம்பான் என்ன சொன்னா?" என்று யாராவது கேட்பார்கள், சிரிப்பார்கள். லாயாங்கும் சிரிப்பான். அவன் சிரிப்பதுதான் அவளுக்குத் தாங்காது.

தீஜா தன் பழைய பாவாடையின் ஓரத்தைக் கிழித்து, திரித்து, முள்ளால் அந்தக் கோட்டுக்குள் குத்திக் குத்தி அடைத்தாள். மேலே சேறு தடவினாள். கசிவு நின்றது.

மதியம் ஜாராவிடம் போனாள்.

"லாடாப்பா, நாளைக்கு மழை வரும்போல இருக்கே. ரெண்டு நாள் தள்ளிப் போட்டா என்ன?"

அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. "மழையா?" என்றான். ஆனால் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு அண்ணனிடம் போனான். அவர்கள் பேசியது கூடத்தில் இருந்த தீஜாவின் காதில் விழுந்தது.

"அண்ணே, எனக்கு வயித்த வலிக்குது. நெருப்ப ரெண்டு நாள் கழிச்சி வச்சுக்கலாமா?"

"வயித்த வலி ஒனக்கு. தோணிக்கென்ன?"

"இல்ல, நான் நிக்க வேணாமா..."

"கள்ளு பொங்கிருச்சு. பன்னி கட்டியாச்சு. ஆத்துல கீழ இருக்குற வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. வயித்த வலியோட ஓரமா உக்காந்துக்க."

அவ்வளவுதான் பேச்சு.

*

விடிந்ததும் தோணிக்கு அடியிலும் இரு பக்கமும் நெருப்பு மூட்டினார்கள். உள்ளே தண்ணீர், வெளியே தீ. பெண்கள் வரிசையாக நின்று கொட்டாங்கச்சியால் தண்ணீரை அள்ளிக் காயும் ஓரங்களில் வீசினார்கள். பிளந்த கழிகளை விளிம்பில் கவ்வவிட்டு, பிரம்பு கட்டி ஆண்கள் இரு பக்கமும் மெதுவாக இழுத்தார்கள். லாயாங் நடுவில் நின்று குரல் கொடுத்தான்.

"விடாத, விடாத... போதும்! நிறுத்து. தண்ணி! ம், இப்ப இழு."

உள்ளே தண்ணீர் ஆவி விட்டது. ஒடுங்கி, வாய் மூடிக் கிடந்த மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஒரு ஜாண் இருந்த இடம் ஒரு முழமாயிற்று. நடுப்பகுதி விரிய விரிய, முன்னும் பின்னும் தானாக மேலே எழும்பின, தூங்கி எழுந்த ஆள் நெளிவு எடுப்பதுபோல. யாரும் பேசவில்லை. அழுத குழந்தையைக்கூட யாரோ தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். 

தீஜா பின்னணியத்துப் பக்கமாக நின்று தண்ணீர் ஊற்றினாள். மற்ற இடத்துக்கு ஒரு வீச்சு என்றால் அங்கே இரண்டு வீச்சு. எதிர்ப்பக்கம் ஜாராவ் நின்றான். அவன் வேலை நடுவில். ஆனாலும் அங்கேதான் நின்றான். 

தாங்கிக்கொள், தாங்கிக்கொள் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். எஞ்சின், மிளகு மூட்டை, அதன்மேல் உட்கார்ந்து பஜாருக்குப் போகும் லாயாங், எல்லாம் கண்ணில் வந்தது. சிமா கதவோரம் படுத்து ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதும் வந்தது. ஒரு வீச்சு விட்டுப் போயிற்று. கொட்டாங்கச்சி கையில் நிறைந்தபடி நின்றுவிட்டது. அது மறந்ததா, மறக்கவிட்டதா என்று பின்னால் எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். உடனே ஊற்றிவிட்டாள். அதையும் சொல்ல வேண்டும்.

"இழு!" என்றான் லாயாங்.

கிளை முறிகிற சத்தமில்லை அது. துணி கிழிகிற சத்தம், நீளமாக. பின்னணியத்திலிருந்து ஒரு பிளவு ஓடிவந்து, கையகலம் திறந்து, தண்ணீரெல்லாம் நெருப்பில் கொட்டியது. புகையும் ஆவியும் எல்லோரையும் மூடின. 

புகைக்குள்ளிருந்து லாயாங்கின் குரல்தான் முதலில் வந்தது. "யாரு பேசினது? யாரு வாயத் தொறந்தது?"

"யாரும் பேசல அண்ணே."

"அப்ப காலையில எவனாவது கெட்ட சகுனமா குறுக்கே பறவைச் சத்தம் கேட்டுட்டுச் சொல்லாம வந்தீங்களா? தோணியில நாய் ஏறிச்சா? யாருக்காவது கெட்ட கனாவா? இம்பான்! நீ என்ன சொன்னே?"

இம்பான் பிளவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளிப்பக்கமிருந்து விரலை விட்டு எதையோ இழுத்தாள். சிவப்பும் நீலமுமாகத் திரித்த துணி, நீளமாக வந்தது. தீஜாவின் பழைய பாவாடையைத் தெரியாதவர்கள் அந்த வீட்டில் இல்லை. 

பிறகு உட்பக்கமிருந்து ஒரு கட்டி உருண்டு விழுந்தது. புதுக் குங்கிலியம், மரத்தூளோடு சேர்த்துப் பிசைந்து, மரத்தின் சிவப்போடு வித்தியாசம் தெரியாமல் தடவி மெழுகியது. பெருவிரல் அச்சு அதில் அப்படியே இருந்தது. ஜாராவ் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இம்பான் துணியை ஒரு கையிலும் குங்கிலியத்தை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்தாள். 

"வெளியில பொண்டாட்டி. உள்ள புருஷன்," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே ஓட்டைய ரெண்டு பக்கமும் அடைச்சிட்டு, மழை வருதாம், வயித்த வலியாம்!"

கீழ் வீட்டுக்காரன் ஒருவன்தான் முதலில் சிரித்தான். பிறகு நெருப்பு பிடித்துக்கொண்டதுபோல் கரை முழுக்கச் சிரிப்பு. தீஜாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜாராவைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாயாங் சிரிக்கவில்லை. "சிரிக்கிறீங்களா? என் எஞ்சின் அங்க பாயில மக்கிக்கிட்டு இருக்கு. இதுல பின்னாடி ரெண்டு பாகத்துக்கு மேல அறுத்து எறியணும். மிச்சத்துல எஞ்சின மாட்டினா தோணி நட்டமா நிக்கும்! தெரிஞ்சும் எதுக்குடா சொல்லல?"

"எப்படிச் சொல்லுவான்?"

கேட்டது இம்பான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. 

"எப்படிச் சொல்லுவா இவ? நான் ஒரு தடவ சொன்னேன். அன்னையிலேருந்து என் வாய்தான் தோணிய ஒடச்சுச்சு. ஆத்துல ஒரு துடுப்பு முறிஞ்சாலும் இம்பான் என்ன சொன்னா, இம்பான் என்ன சொன்னா. இன்னைக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஊமையா நின்னீங்களே அத்தன பேரும். அப்புறம் எதுக்குய்யா ஒடஞ்சுது?"

சிரிப்பு நின்றுபோயிற்று. நெருப்பில் ஈரக்கட்டை சீறிக்கொண்டிருந்தது. லாயாங் மேலே வீட்டுப் பக்கம் பார்த்து, பிறகு ஆற்றைப் பார்த்தான். 

"கள்ளு எடுத்துட்டு வாங்க," என்றான் கடைசியில். "பொங்கினது பொங்கிருச்சு."

முதல் கிண்ணத்தை அவனே இம்பானிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. விரல் நுனியால் தொட்டுவிட்டு, கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். 

*

ஜாராவ் பிளந்த பகுதியை அறுத்தெடுத்தான். மிச்சத்தின் வாயைப் பலகை போட்டு மூடினான். பின்பக்கம் வெட்டுப்பட்ட தோணி, மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் அதிகம். அழகு என்று சொல்ல முடியாது. யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு கழியைச் சீவி, பிடிக்கும் இடத்தில் பிரம்பு சுற்றினான். அது அவள் கைக்கு அளவான கழி.

சிமாவுக்கு வலி கண்டுவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் வந்து சேர்ந்தபோது பொழுது உச்சிக்கு வரவில்லை. தீஜா கூடையில் இஞ்சியும் கோழியும் அரிசியும் எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். ஜாராவ் முன்னாலேயே அங்கே போய்த் தோணியைத் தண்ணீரில் இறக்கி, பிரம்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பின்பலகை புதுசு. இன்னைக்கு ஒரு நாள் ஒழுகும். அப்புறம் ஊறி அடைச்சுக்கும்."

"சரி."

"மேல் பாய்ச்சல்ல உக்காந்துக்கிட்டே தள்ளாத. எறங்கி இழுத்துட்டுப் போ."

"அந்தப் பாய்ச்சல்லதான்யா நான் நீச்சல் பழகினேன். லாடாவுக்கு ராத்திரி சோறு வச்சுக் குடு. கயித்த விடு."

அவன் விடவில்லை.

"எப்பப் பாத்தே அத?" என்றான்.

"தண்ணி ஊத்தின மறுநா காலையில. நீ?"

"வாய்ச்சி போடுறப்பவே. தட்டினா அங்க மட்டும் சத்தம் காலி மொந்தையத் தட்டினாப்புல வந்துது."

"அத்தன நாளாவா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "நல்ல மரம்னியே!"

"நீயும்தான் நல்ல மரம்னே."

"சிராய் விழுந்தாச்சே. வேற என்ன சொல்றது? நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே போட்டவன் நீதானே?"

தண்ணீர் தோணியின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. பின்பலகையோரம் ஒரு சொட்டு உள்ளே வந்து, நின்று, இன்னொரு சொட்டு வந்தது. தீஜா எழுந்து நின்று கழியை ஊன்றினாள். கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. தோணி குறுகலாக, லேசாக, அவள் நினைத்ததைவிட வேகமாகக் கரையை விட்டு விலகியது. அவன் முழங்கால் தண்ணீருக்குள் இரண்டடி நடந்து வந்தான்.

"லாடாம்மா! அன்னைக்கு நான் கோடரியப் போடாம இருந்திருந்தா, நீ சொன்னத நான் கேட்டிருப்பேன்னா நெனைக்கிறே?"